பானட்டில் நாலு ஓட்டை

வலது தோள் இப்போதெல்லாம் சொன்னபடி கேட்பதில்லை. காலையில் சட்டை போட வேண்டுமென்றால் வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே விட வேண்டும். என் வீட்டுக்காரி அன்னாள் பக்கத்தில் இருந்தால் அவள் விடுவாள். முப்பத்தோரு வருடம் தகரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அடித்த கை. பெரிய ஆஸ்பத்திரியில் தோளுக்குள் என்னவோ இறுகிவிட்டது என்றார்கள். தேய்ந்துபோச்சு என்று சொல்லியிருந்தால் எனக்கு நேராகப் புரிந்திருக்கும்.

நான் டிங்கர். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பட்டறை. அடிபட்டு வருகிற கார்களின் கதவையும் பானட்டையும் தட்டி நேராக்குவது பாதிப் பிழைப்பு. மீதிப் பாதி கூரை வேலை. தோல் பதனிடுகிற ஷாப்பு, நூல் மில், புகையிலைக் குடோன் என்று எங்கே வெக்கை தாங்காமல் ஆட்கள் சுருண்டு விழுகிறார்களோ அங்கே கூப்பிடுவார்கள். கூரையின் உச்சியை வெட்டி, சூடு வெளியே போகத் தகரக் கூண்டு வைத்துக் கொடுப்பேன். சூடு மேலே ஏறும், உச்சியில் வழிவிட்டால் போய்விடும். இதைத் தெரிந்துவைத்திருக்கிற அளவுக்கு நான் வேறு எதையும் தெரிந்துவைத்திருக்கவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பிப்ரவரிக் கடைசியில் புவனேஸ்வரி காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சேவுகம்பட்டிக்காரி. அப்பாவுக்குத் தென்னையும் காய்கறியும். இவள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றுகிற வேன் ரெண்டு வைத்து ஓட்டுகிறாள். வேன் சோறு போடுகிறது, அவள் உயிர் இந்தக் காரில் இருக்கிறது. நாலு கதவு வைத்த பழைய கார். அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. அதில் டர்போ வைத்த வேறு என்ஜினை ஏற்றியிருந்தாள். கோயம்புத்தூரில் பந்தயத் தடத்தை வாடகைக்கு விடுகிற நாளில் போய், ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்கு வைத்து ஓட்டுவாள். மூன்று சுற்று ஓடினால் என்ஜின் கொதித்துவிடும். போன தடவை ஹெட் கேஸ்கெட் போய், வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இன்னொரு தடவை இப்படிக் கொதித்தால் என்ஜினே கையைவிட்டுப் போகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டானாம். அடுத்த ஓட்டம் மார்ச் கடைசி ஞாயிறு.

ரெண்டு வேலை நடந்தது. ரேடியேட்டருக்கு மூன்று வரிசைச் செப்புக் கோர், அதாவது தண்ணீர் ஓடி ஆறுகிற குழாய்க் கூடு, போட்டுப் பெரிதாக்கித் தந்தது சோலைமுத்து. எனக்கு அடுத்த பட்டறை அவனுடையது. நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். பதினெட்டு வருடமாகச் சுவருக்கு இந்தப்பக்கம் நான் தகரம் அடிக்கிறேன், அந்தப்பக்கம் அவன் ரேடியேட்டரைத் தொட்டியில் அமுக்கி, ஒழுகுகிறதா என்று குமிழ் பார்க்கிறான். அவன் வேலை முடிந்த பிறகு பானட் என்னிடம் வந்தது. என்ஜின் அறையின் சூடு வெளியேற அதில் ரெண்டு ஓட்டை வெட்டி, அவள் வாங்கி வந்திருந்த செதில் வைத்த தட்டுகளை அதில் உட்கார்த்த வேண்டும்.

எங்கே வெட்ட வேண்டும் என்று அவளே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பானட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்கு ஒரு ஜாண் பின்னால். எனக்குச் சிரிப்பு வந்தது. என்ஜின் அறையில் அதிகம் சூடாகிற டர்போ பின்னால் இருக்கிறது. பானட் சரிந்து சரிந்து முன்கண்ணாடியிடம்தான் உயர்கிறது. உச்சி அங்கே இருக்க, மூக்கில் ஓட்டை போடுவார்களா?

"சூடு உச்சிக்குத்தான் வரும் பாப்பா. கண்ணாடிக்குப் பக்கத்துல வெட்டுனா கொதிக்கிறது அம்புட்டும் மேல போயிரும். மூக்குல வெட்டுனா எதிர்க்காத்து உள்ள போயி மோதும்."

வேகமாக ஓடும்போது காற்று பானட்டின் முன்பக்கத்தை உறிஞ்சும், கண்ணாடிப் பக்கம் அழுத்தும் என்று அவள் என்னமோ சொல்ல வந்தாள். போனில் பார்த்தது. அதற்குள் ஒட்டன்சத்திரத்திலிருந்து வேன் டிரைவர் கூப்பிட்டுவிட்டான், தக்காளி லோடு ஏறாமல் நிற்கிறது என்று. அவள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இத்தனை கூரை வெட்டியவருக்கு நான் என்ன சொல்ல, பார்த்துச் செய்யுங்கள் என்று கிளம்பிவிட்டாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் தின்னர் நனைத்த துணியால் அந்தப் பென்சில் கோட்டை நான் துடைத்துவிட்டேன்.

பானட்டை வெட்டுவது கூரையை வெட்டுவது மாதிரி இல்லை. மேல்தகட்டுக்குக் கீழே விலா எலும்பு மாதிரிச் சட்டம் ஓடும். அதைத் தொட்டால் பானட் தொங்கிவிடும். மூலைக்கு மூலை துளை போட்டு, இடையில் அறுத்து, விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்ட வேண்டும். இன்னொரு பானட் கிடைக்காது. மதுரை, கோயம்புத்தூர் காயலாங்கடையெல்லாம் அவள் தேடிவிட்டாள். அதனால் ஒவ்வொரு அறுப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தோள் எரிந்தது. நாலு நாள் ஆனது. தட்டுகளை உட்கார்த்தி, என்ஜினை ஓடவிட்டு, கழிவுப்பஞ்சைக் கொளுத்தி ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். ஃபேன் இழுத்த புகை உள்ளே போய், கண்ணாடி ஓரத்து ஓட்டை ரெண்டிலும் கயிறு மாதிரி மேலே போனது. டீக்கடையில் நின்றவர்கள் வந்து பார்த்தார்கள். சோலைமுத்துவும் ஈரக்கையோடு வந்து பார்த்தான். "கெட்டிக்காரந்தான்டா நீ" என்று என் முதுகில் தட்டினான். சட்டையில் அவன் கை ஈரம் பதிந்தது.

புவனேஸ்வரி மதுரை நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் செத்துத் திரும்பினாள். ஊருக்குள் நன்றாக இருக்கிறது, நின்றால் முன்பைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. வேகம் நூறைத் தாண்டினால் சூடு காட்டுகிற முள் ஏறுகிறது. வேகம் கூடக் கூட ஏறுகிறது. முன்பு இம்புட்டு மோசமில்லை என்றாள். இதை அவள் டீக்கடை வாசலில் வைத்துச் சொன்னாள். பக்கத்தில் மொக்கைச்சாமி நின்றிருந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி ரெண்டு வைத்திருக்கிறவர். அவருடைய ரேடியேட்டர் வேலை அம்புட்டும் பதினோரு வருடமாகச் சோலைமுத்துவிடம்தான். கோடையில் ஊரெல்லாம் போர் போடுகிற மூன்று மாதமும் சோலைமுத்துவின் அடுப்பு எரிவது அவரால்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்:

"என் ஓட்டையில பொகை போனதை எல்லாரும் பாத்தீக. சூடு வெளிய போகுது. அதுக்கு மேலயும் கொதிக்குதுன்னா தண்ணி ஆறலைன்னு அர்த்தம். கோரைப் பாருங்க."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சோலைமுத்து தர்க்கம் பண்ணுகிற ஆள் இல்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு, வண்டியைக் கொண்டுவாம்மா என்று மட்டும் சொன்னான். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சொல்லித் திரும்பி வந்த வேலைக்குக் கூலி கேட்கக்கூடாது, யார் குற்றம் என்று விவாதிக்கவும் கூடாது. செய்து கொடுத்துவிட வேண்டும். அவன் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குடைந்து, காற்றடைத்துத் தொட்டியில் அமுக்கினான். குமிழ் வரவில்லை. அடைப்பும் இல்லை. தேடித் தேடி எதுவும் கிடைக்காமல் திருப்பி மாட்டினான். அவள் ஓட்டிப் பார்த்தாள். கொதித்தது.

ரெண்டாம் தடவை மேல்தொட்டியையே பிரித்தான். பிரித்துப் பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, புதிதாகப் பற்றவைத்தான். அதில் ஒரு சொட்டு அவன் இடது மணிக்கட்டில் விழுந்தது. சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குச் சத்தம் கேட்டது. கத்தவில்லை, உஸ்ஸென்றான். எட்டிப் பார்த்தேன். கந்தைத்துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் போடு மாப்ள என்றேன். முடியட்டும் என்றான். அவன் மாட்டி முடித்த அன்று மாலையே அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடி கொதித்தது.

மறுநாள் மொக்கைச்சாமி போர் வண்டி ரேடியேட்டரைச் சின்ன வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டார். கெட்டவர் இல்லை. நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். "ஒனக்கும் வயசாகுதப்பு, ரெண்டு தரம் பாத்தும் ஒரு சின்ன வண்டி ஒனக்குப் பிடிபடல. என் வண்டி பள்ளத்துல நின்னா ஒருநாள் பொழப்பு போச்சு. கொஞ்ச நாளைக்கு அங்க பாத்துக்கிறேன்" என்றார். சோலைமுத்து சரிங்க என்றான். அவர் போனபிறகு தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான், அதில் அமுக்க ஒன்றும் இல்லாதபோதும்.

புவனேஸ்வரி விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பையோடு வந்தாள். அவள் அக்காளைச் சின்னாளபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது, தறி வைத்திருக்கிற வீடு. அங்கே அறுத்துப் போடுகிற நூல் முனைகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் பானட்டில் ஒட்டினாள். வரிசை வரிசையாக, மூக்கிலிருந்து கண்ணாடிவரை. காற்று எங்கே போகிறதென்று நூல் காட்டும் என்றாள். டீக்கடைக்காரர், காருக்குச் சடங்கு சுத்துறியா ஆத்தா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. என்னை முன்சீட்டில் ஏறச் சொன்னாள்.

மதுரை ரோட்டில் ஏறி, நாற்பதில் போகிறவரை நூல்கள் சும்மா துள்ளிக்கொண்டிருந்தன. எண்பதில் முன்பக்க நூல்கள் எல்லாம் பின்னால் பார்த்து ஒரே நேராகப் படுத்தன. தொண்ணூறில், அவள் பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்து நூல்கள் தகட்டைவிட்டு எழும்பி நின்று துடித்தன. மேலேயிருந்து எதுவோ பிடித்து இழுப்பது மாதிரி. நான் கண்ணாடி ஓரத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த நூல்கள் பின்னால் போகவில்லை. சுருண்டு, திரும்பி, ஒவ்வொன்றாக என் ஓட்டையின் செதில்களுக்குள் நுழைந்துகொண்டன. ஒன்றுகூட வெளியே பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிர்க்காற்று பானட்டில் வழுக்கி வந்து முன்கண்ணாடியில் முட்டிக் குவிகிறது. குவிந்த காற்று என் ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. உள்ளே ஏற்கனவே நிறைந்து கிடக்கும்போது, ரேடியேட்டர் வழியாக வருகிற காற்றுக்குப் போக இடமில்லை. அது அங்கேயே நிற்கிறது. தண்ணீர் எப்படி ஆறும்? நின்ற வண்டியில் புகை மேலே போனது நிஜம்தான். தோல் ஷாப்புக் கூரை ஒரு இடத்தில் நிற்கும். கார் ஓடும். முப்பத்தோரு வருடத்தில் ஓடுகிற கூரை ஒன்றையும் நான் வெட்டியதில்லை.

காந்திகிராமம் தாண்டி அவள் வண்டியை ஓரங்கட்டினாள். முள் மேலே ஏறி நின்றது. ரெண்டு பேரும் இறங்கினோம். வெயில் தலையைப் பிளந்தது. அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். செதிலுக்குள் மாட்டிக்கொண்ட நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே சொன்னாள்:

"கோர்ல ஒண்ணுமில்லண்ணே."

"ஆமா பாப்பா."

"எனக்கும் தெரியாமப் போச்சு, நானும் அவரைத்தான் ரெண்டு தரம் கழட்ட வச்சேன். அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் போயிச் சொன்னா ஒங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்."

இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். ஓட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை அவளே வந்து கோடு போட்டாள், நான் அந்தக் கோட்டை ஒரு நூல்கூட மீறவில்லை. முன்பக்கம் ரெண்டு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு தகர உதடு, வருகிற காற்று அதில் ஏறித் தாண்டும்போது உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொண்டு போகும்படி. ரேடியேட்டரின் பக்கச் சந்துகளையும் தகடு வைத்து அடைத்தேன், வருகிற காற்று கோரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடாமல். கஷ்டம் பழைய ஓட்டையை மூடுவதில்தான். பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஈரச்சாக்கைச் சுற்றிலும் போட்டு, ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, இன்னொரு பொட்டு வைத்து, அப்படியே சுற்றி வர ரெண்டு நாள் போனது. ரெண்டாம் நாள் மத்தியானம் கை தூக்க முடியாமல், முழங்கையை முட்டில் ஊன்றிக்கொண்டு செய்தேன். அன்னாள் சோறு கொண்டுவந்தவள், குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்துவிட்டு, சோலைமுத்துவிடம் சொல்லியாச்சா என்று கேட்டாள். அவளிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருந்தேன். வேலை முடியட்டும் என்றேன்.

பிரைமர் அடிக்கத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சோலைமுத்து வந்தான். கையில் வேலை இல்லாதவன் நடக்கிற நடை. மணிக்கட்டுப் புண் பழுத்து ஆறத் தொடங்கியிருந்தது. பானட்டை ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்தேன். முன்பக்க ஓட்டையைப் பார்த்தான். பிறகு பின்பக்கம் குனிந்து, நான் மூடிய இடத்தில் பெருவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தான். பெயின்ட் அடித்தபிறகு யாருக்கும் தெரியாது. அப்போது தெரிந்தது. இருபது வருடம் ஈயம் வைத்த விரலுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

"ஓட்டை எடம் மாறிருச்சு போலயே மாப்ள."

வாய்ப்பு அதுதான். அதைவிட நல்ல வாய்ப்பு ஒருத்தனுக்குக் கிடைக்காது. அவனே கேட்டான், பக்கத்தில் யாருமில்லை, ஒரு வார்த்தையில் முடிந்துபோகும். என் வாயிலிருந்து வந்தது இது:

"அந்தப் பாப்பாதான். முன்னாடி இருந்தா அழகா இருக்கும்னுச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சொரசொரத்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடியா. அப்ப கோர் இப்பச் சரியா ஓடுதா?"

"ஓடுது மாப்ள."

"ஓடுனாச் சரி" என்றான். தன் பட்டறைக்குத் திரும்பிப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் யோசித்துவிட்டேன். வேடசந்தூர் ரோட்டு நூல் மில்லில் மூன்று ஷெட்டுக்குக் கூரை வெட்டுகிற வேலை அந்த வாரம்தான் எனக்கு என்று பேசி முடிந்திருந்தது. சூட்டுக்கு எங்கே வழிவிட வேண்டும் என்று தெரியாதவன் என்று சந்தில் பேச்சு வந்தால் அது மில் வாசல்வரை போகும். இந்தத் தோளை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்கும் நான் போக முடியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் அவன் கேட்ட அந்த நிமிஷத்தில் மில் என் நினைப்பிலேயே இல்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

மார்ச் கடைசி ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து புவனேஸ்வரி போன் பண்ணினாள். பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம். ஒன்பது சுற்று நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறாள். சூட்டு முள் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டவில்லையாம். அவளுடைய பழைய கணக்கில் நாலு விநாடி குறைந்திருக்கிறது. நன்றிண்ணே என்றாள். வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள், சோலைமுத்து அண்ணனிடம் சொல்லிவிட்டீர்கள்தானே என்று.

சொல்லிட்டேன் பாப்பா என்றேன்.

அன்னாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொல்லிட்டீகளாக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை. காலையில் சட்டைக் கையை எப்போதும்போல் பிடித்துவிடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

சந்தில் இப்போது என்ன பேச்சு என்றால், சோலைமுத்து மூன்றாம் தடவையாகச் சத்தமில்லாமல் கழற்றிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டான், முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் பிள்ளை இம்புட்டு அலைந்திருக்க வேண்டாம் என்பது. யார் கிளப்பியது என்று தெரியாது. நான் இல்லை. மறுக்கவும் இல்லை.

ஏப்ரல் வந்துவிட்டது. போர் வண்டிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. மொக்கைச்சாமியின் ரேடியேட்டர் ரெண்டும் மதுரைக்குப் போய் வருகின்றன. சுவருக்கு அந்தப்பக்கம் கம்ப்ரஸர் சத்தம் நின்று பல நாள் ஆகிறது. மத்தியானத்தில் சோலைமுத்து தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறான். எனக்கு மில் வேலை. ஷெட்டில் முதல் கூண்டு ஏற்றியாகிவிட்டது. சூடு நன்றாக மேலே போகிறது.

இன்று காலை டீக்கடையில் மூன்று பேரும் இருந்தோம். மொக்கைச்சாமி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சோலைமுத்து என்னைப் பார்த்து, தோள் எப்படி இருக்கு மாப்ள என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய் என்றான். சரி என்றேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடை வாசலில் நின்று, மொக்கைச்சாமிக்குக் கேட்கிற மாதிரி, கோரில் குற்றமில்லை, குற்றம் நான் வெட்டிய ஓட்டையில் என்று சொல்ல வேண்டும். சோலைமுத்துவுக்கு நான் தர வேண்டிய கடன் அது. இன்னும் தரவில்லை.